டைப் அடிப்பவர் படிப்பதில்லை

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "உங்க வீட்டுக்கு வருஷா வருஷம் வெள்ளைக்காரங்க வந்து தங்குவாங்களே, அப்ப நீங்களும் ஸ்பூன்லதான் சாப்பிடுவீங்களா?" ஐம்பது வருடமாக மனத்தில் வைத்திருந்து இப்போதுதான் கேட்கிறாள், பாவம். அவளுக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளும்.

முதலில் ஸ்பூன். எங்கள் வீட்டில் இருந்தவை மொத்தம் நான்கு. அந்த வெள்ளைக்காரக் குழுவில் வருகிறவர்கள் எட்டுப் பேர். மீதியை ஒரு சபையில் கல்யாண விருந்துக்கென்று பூட்டி வைத்திருந்த தகர டப்பாவிலிருந்து அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார். ஆகவே எங்களுக்கு ஸ்பூன் மிஞ்சியதே இல்லை. நாங்கள் கையால்தான் சாப்பிட்டோம், அதுவும் அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்பா ஒரு சின்ன மிஷனில் ஊழியர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. கொள்ளிடக்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் காலையில் பாலர் பள்ளி, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. இந்த ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இருமுறை, அவர்களில் ஒரு குழு இரண்டு வாரம் எங்களோடு தங்கி உதவி செய்ய வரும். பெரும்பாலும் மார்கழியில். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை, தவிரவும் அப்போதுதான் திருச்சி குளுகுளுவென்று இருக்கும் என்று அப்பா எழுதியிருந்தார். நாங்கள் மப்ளரைக் கட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் வேர்த்து வழிந்து விசிறி கேட்பார்கள்.

குழு வருகிறது என்றால் வீடு தலைகீழாகும். இரண்டு அறைகளும் கூடமும் அவர்களுக்கு. நானும் தம்பியும் அப்பாவின் எழுத்து மேஜைக்கு அடியில், அப்பா மேஜைக்கு மேல். குடிக்கிற தண்ணீரை இரண்டு அண்டாவில் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்து, மறுபடி கொதிக்க வைப்பாள் அம்மா. கழிப்பறைக்கு ஒரு விசேஷ ஏற்பாடு உண்டு. பழைய மர நாற்காலி ஒன்றின் நடுவில் ஆசாரியைக் கொண்டு ஓட்டை போட்டு, அதைத் தரையில் இருந்த பீங்கானுக்கு மேல் நிறுத்துவார்கள். குழு போன பிறகும் தம்பி அதில் மணிக்கணக்கில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். இப்போது அந்த நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. யார் வீட்டிலாவது கௌரவமாக இருந்தால் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டு மாமாவும் மாமியும். மாமா ரயில்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். சொந்த டைப்ரைட்டர் வைத்திருந்தார். எங்கள் சபைகளில் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுகிற வழக்கம் உண்டல்லவா? கொட்டகைக்கு வருகிறவர்கள் அப்பாவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்கு ஒரே குஷி. பரம்பரை ஐயங்காரான அவர், வாசலில் நின்று "ஐயரே! தபால் வந்திருக்கு ஓய்!" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்.

மாமி கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவர். அவர் ஆங்கிலம் அப்பாவின் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கும். சந்தில் ஒரே டெலிபோன் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. எங்களுக்கு வருகிற வெளிநாட்டு அழைப்புகள் அந்த எண்ணுக்குத்தான் வரும், மாமிதான் எடுத்துப் பேசி வந்து கூப்பிடுவார். மார்கழி முழுக்க விடியலில் எங்களுக்கு ஒரு தூக்கு வெண்பொங்கல் வந்துவிடும். நெய்யும் மிளகும் மணக்க, தூக்கைத் திறக்கும்போதே தம்பி எழுந்துவிடுவான்.

அம்மாவுக்கு அந்தச் சந்தில் இருந்த ஒரே சிநேகிதி மாமிதான். இரண்டு கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். மத்தியானம் பாத்திரம் தேய்த்த பிறகு அம்மா இந்தப் பக்கமும் மாமி அந்தப் பக்கமுமாக நின்று பேசுவார்கள். ஊழியக்காரர் மனைவி சபைப் பெண்களிடம் மனம் விட்டுப் பேச முடியாது, பேசினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் சுற்றி வந்துவிடும். மாமியிடம் சொன்னால் சுவரைத் தாண்டாது.

இனி கடிதம். மாதா மாதம் அப்பா வெளிநாட்டுக்கு ஒரு ஜெபக் கடிதம் அனுப்புவார். ஊழியச் செய்திகள் ஒரு பக்கம், கடைசியில் எண் போட்டு ஐந்து ஜெபக் குறிப்புகள். எப்போதும் ஐந்துதான், கூடாது குறையாது. பென்சிலில் எழுதி மாமாவிடம் கொடுப்பார். மாமா கார்பன் வைத்து இரண்டு பிரதி அடித்துக் கொடுப்பார். ஒன்றில் கையெழுத்துப் போட்டு உறையில் ஒட்டுவார், இன்னொன்றை ஃபைலில் குத்துவார். இரண்டையும் அப்பா திரும்பப் படித்ததில்லை. ரயில்வே கையில் பிழை வராது என்று அவ்வளவு நம்பிக்கை. ஒருமுறை அம்மா, "வீட்டு விஷயம் எல்லாம் இருக்குமே, அவர் படிக்க மாட்டாரா?" என்று கேட்டதற்கு அப்பா சொன்னார்: "டைப் அடிக்கிறவங்க படிக்க மாட்டாங்க. கைதான் படிக்கும், கண்ணு படிக்காது. அவரே சொல்லியிருக்கார்."

எனக்குப் பதினொரு வயதான மார்கழியில் வந்த குழுவை வரவேற்க ஜங்ஷனுக்குப் போனோம். வழுக்கைத் தலையும் பெரிய சிரிப்புமாக ஒரு தலைவர். அவருக்குப் பின்னால், எங்கள் ஊருக்கு முதல்முறையாக வரும் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். அவரை நாங்கள் நர்ஸ் அத்தை என்றோம். மற்ற ஆறு பேரும் எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருந்ததாக ஞாபகம். நர்ஸ் அத்தை ரயிலிலிருந்து இறங்கியதும் தம்பியை அள்ளி அணைத்துக்கொண்டு, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "கண்ணே, இப்போது படுக்கை காய்ந்திருக்கிறதா?"

தம்பிக்கு எட்டு வயது. ஆங்கிலம் அதிகம் தெரியாது, ஆனால் படுக்கை என்ற சொல் தெரியும். அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அடுத்து என் பக்கம் திரும்பி, "உனக்குப் பின்னக் கணக்கு வந்துவிட்டதா? நாங்கள் விடாமல் வேண்டிக்கொள்கிறோம்" என்றார். தோழிகளே, நான் பின்னக் கணக்கில் முட்டை வாங்கியது உங்களில் பக்கத்து பெஞ்சுக்காரிக்கே தெரியாது. ஏழு கடல் தாண்டித் தெரிந்திருந்தது.

அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் எட்டாவது வரை தமிழில் படித்தவள், ஆங்கில எழுத்து தெரியாது. மறுநாள் அப்பா குழுவை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனதும், கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"படிடி. மொதல்லேருந்து படி. இன்னும் என்னென்ன எழுதியிருக்காருன்னு பாப்போம்."

அகராதியும் கையுமாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதம். ஒன்றாவது குறிப்பு அப்பாவின் சைக்கிள் டயர். இரண்டாவது கொட்டகையின் கீற்று. மூன்றாவது தம்பியின் படுக்கை. நான்காவது இப்படி இருந்தது: 'பக்கத்து வீட்டுப் பெண்மணி. பெருமையும் கடினமுமான மனம். ஆனால் இந்த மாதம் பொங்கல் கொடுத்து அனுப்பினார். மனம் இளகத் தொடங்கியிருக்கிறது.'

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அடுத்தது?"

அடுத்த மாதம்: 'பக்கத்து வீட்டுப் பெண்மணி தம் டெலிபோனை எங்களுக்குத் தந்தார். மனம் மேலும் இளகுகிறது.' அதற்கடுத்த மாதம்: 'இந்த மாதம் அவர்கள் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. மனம் மறுபடி கடினப்பட்டிருக்கலாம். ஊக்கமாக வேண்டிக்கொள்ளுங்கள்.'

"அடப்பாவி மனுஷா! அந்த மாசம் மாமியோட மைத்துனர் தவறிட்டாருடி! தீட்டு! எப்படிக் குடுத்தனுப்புவாங்க?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. "இதை டைப் அடிச்சது யாரு?"

நான் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். "போதும், மூடு" என்றாள். ஃபைலில் இன்னும் இரண்டு விரல் கனத்துக்குக் கடிதங்கள் பாக்கி இருந்தன.

அன்று அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மாமாவுக்குத் தெரிந்திருக்கும். மாமிக்குத் தெரிந்திருந்தால் பொங்கல் வருமா? வருகிறதே. ஆகவே மாமா மாமியிடம் சொல்லவில்லை. ஆனால் இந்த எட்டுப் பேரும் தங்கள் ஊரில் புதன்கிழமைதோறும் ஜெபக் கூட்டத்தில் 'பக்கத்து வீட்டுப் பெண்மணி'க்காக வேண்டிக்கொள்கிறவர்கள். இவர்கள் மாமியைப் பார்த்தால் கேட்காமல் இருப்பார்களா? கேட்டால் மாமியின் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம். "மாமியும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னா நான் இந்தச் சந்துல யார்கிட்டடி பேசுவேன்?" என்று என்னிடம் கேட்டாள். அவள் பயம் அவ்வளவுதான்.

அப்பாவைத் தனியாகப் பிடித்துச் சண்டை போடலாம் என்றால் வீட்டில் மூலைக்கு ஒரு வெள்ளைக்காரர். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். எல்லாரும் வட்டமாக முழங்காலிட்டுக் கண்ணை மூடினோம். வழக்கமாக அப்பாதான் தொடங்குவார். அன்று அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரருக்குக் கொஞ்சம் புத்தியைத் தாரும். பக்கத்து வீட்டு அம்மாளைப் பத்தி அவங்களை ஒரு வார்த்தை கேக்காம கடல் தாண்டி எழுதினாரே, அதை மன்னியும்."

"ஆமென்" என்றார்கள் எட்டுப் பேரும்.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "கர்த்தாவே, அடியேன் நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன் என்பதை நீர் அறிவீர். அதை என் மனைவிக்கும் அறியப்பண்ணும்" என்றார்.

"ஆமென்."

"நல்ல எண்ணம் இருந்தா, பொங்கலைத் தின்னுட்டுப் பொங்கல் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கலாமே, ஆண்டவரே. டைப் அடிச்ச மாமாவுக்கு எல்லாம் தெரியுமே, ஆண்டவரே."

"டைப் அடிக்கிறவர் படிப்பதில்லை, பிதாவே. கைதான் படிக்கும்."

"இந்த மனுஷனுக்குக் கண்ணைத் திறந்தருளும், சுவாமி! உடனே திறந்தருளும்!"

"ஆமென்! ஆமென்!" என்றார் தலைவர், உணர்ச்சிவசப்பட்டு. நர்ஸ் அத்தை அழுதேவிட்டார். ஜெபம் முடிந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, தமிழ் தெரியாவிட்டாலும் இவ்வளவு உருக்கமான ஜெபத்தைத் தாம் கேட்டதே இல்லை என்றார். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாளே அம்மாவின் தடுப்பு வேலை தொடங்கியது. பொங்கலைக் கொல்லைச் சுவரிலேயே வாங்கி வரும்படி தம்பிக்கு உத்தரவு. மாமி வாசல் வழியாக வந்தால் நான் ஓடிப்போய் வழியிலேயே பேசி அனுப்ப வேண்டும். குழுவிடம் அப்பா சொல்ல வேண்டியது: பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இந்த மாதம் மௌன விரதம், யாரோடும் பேச மாட்டார்.

"பொய் சொல்லச் சொல்றியா?" என்று அப்பா அதிர்ந்தார்.

"மனசு இளகுது, இறுகுதுன்னு மூணு வருஷமா எழுதினீங்களே, அதைவிடவா?"

அப்பா சொன்னார். சொல்லி முடித்து அரை மணி நேரம் ஆகவில்லை, வாசலில் கத்தரிக்காய்க்காரி வந்தாள். மாமி அவளோடு பேரம் பேசிய குரல் அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் கேட்டிருக்கும். "சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில கட்டப் பாக்கறியா? நேத்திக்குக் குடுத்த லட்சணம் தெரியாதா எனக்கு?" தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மௌனம், ஆன்மிக விஷயங்களில் மட்டும்" என்றார்.

ஆனால் மாமி முட்டாள் இல்லையே. நான்காம் நாள் சுவரருகில் தம்பியிடம் தூக்கைக் கொடுக்கும்போது கேட்டுவிட்டார்: "ஏன்டா, உங்காத்துல என்ன நடக்கறது? நான் வந்தா வெள்ளைக்காராளுக்கு ஏதாவது ஒட்டிக்குமா? இத்தனை வருஷமா இல்லாம இப்ப என்னைக் கொல்லையோட நிறுத்தறா உங்கம்மா?"

தம்பி அதை அப்படியே வந்து அம்மாவிடம் ஒப்பித்தான், குரல் மாற்றிக்கூட. அம்மா பொங்கலை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. யாரை இழந்துவிடக் கூடாது என்று இந்தப் பாடுபட்டாளோ, அந்தப் பாட்டினாலேயே அவர் தூரப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வரவில்லை. அம்மா தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. விடியற்காலையில் சொர்க்கவாசல் திறந்ததிலிருந்து தெரு தெருவாகக் கூட்டம். கொள்ளிடக்கரைக்குப் போக வழியில்லாமல் எட்டுப் பேரும் வீட்டிலேயே அடைந்திருந்தார்கள். மத்தியானம் சுமார் மூன்று மணி. வாசலில் மாமியின் குரல் கேட்டது. நான் தடுக்க ஓடுவதற்குள் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டார். பட்டினி கிடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, ஃபாரின் கால். நர்சம்மாவோட மாப்பிள்ளையாம். லைன்லயே இருக்கார், சீக்கிரம் வரச் சொல்லு." அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

நர்ஸ் அத்தை செருப்புகூடப் போடாமல் ஓடினார். பின்னாலேயே அம்மா ஓடினாள், அம்மாவின் கண் ஜாடையில் அப்பாவும் நானும் ஓடினோம். மாமி வீட்டுக் கூடத்தில் மாமா டைப்ரைட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் அத்தைக்குப் பேத்தி பிறந்த செய்தி. ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், எதிரில் நின்ற மாமியை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். "நீங்கள்தானா பக்கத்து வீட்டுப் பெண்மணி!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அம்மா என் தோளை நகம் பதிய அழுத்தினாள். அப்பா, "விரதம்... மௌனம்..." என்று இடையில் புகுந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

"உங்கள் முட்டி இப்போது எப்படி இருக்கிறது?" என்றார் நர்ஸ் அத்தை.

"இடது பரவாயில்லை. வலதுதான் படி ஏறும்போது தகராறு பண்ணுகிறது" என்றார் மாமி, தெளிவான ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரியில் பதில் சொல்வது போல.

"மகனுக்கு மாற்றல்?"

"ஜான்சியிலிருந்து இங்கே பக்கத்தில் பொன்மலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. தை மாதம் வந்து சேருகிறான். உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்."

நர்ஸ் அத்தை மகிழ்ச்சி தாங்காமல் தோள் பையிலிருந்து இரண்டு முட்டி உறைகளை எடுத்து நீட்டினார். இழுத்தால் நீளும் துணியில் செய்தவை. மாமி வாங்கி இழுத்துப் பார்த்தார்.

அப்பாவுக்கு வாய் மூடவில்லை. "என்ன முட்டி? என்ன மாற்றல்? நான் எழுதலையே!"

மாமா எண்ணெய்க் குப்பியை மூடினார். "ஐயரே, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு கமா விட்டதில்லை நான். படிக்காம எப்படி ஓய் அடிப்பேன்?"

"கைதான் படிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஆபீஸ்ல ரகசிய ஃபைல் அடிக்கறச்சே மேலதிகாரிகிட்ட சொல்றது. அவாளும் நம்பினா. நீரும் நம்பினீர்."

மாமி ஊஞ்சலில் உட்கார்ந்தார். "மொத வருஷம் இவர் படிச்சுக் காட்டினப்போ கோவம் வந்தது. வராதா? பெருமையும் கடினமுமாம்! இனிமே அவாத்துக்கு ஒரு பருக்கை அனுப்பப்படாதுன்னு இருந்தேன். மறுநாள் கொல்லையில இவ மூஞ்சியைப் பார்த்தேன், அனுப்பிட்டேன். அப்புறம் யோசிச்சேன். எங்கேயோ நாப்பது பொம்மனாட்டிகள் வேலையை விட்டுட்டுப் புதன்கிழமை தவறாம எனக்காக உட்கார்ந்து வேண்டிக்கறா. அது வீணாப் போகலாமோ? மனசுக்கு என்ன கேடு, அது நன்னாத்தான் இருக்கு. முட்டிதான் மடங்க மாட்டேங்கறது. அதான் நாலாம் நம்பரை மட்டும் நம்ம சௌகர்யத்துக்கு மாத்தி அடிங்கோன்னேன். யார் வேண்டிண்டா என்ன, பெருமாள் காதுல விழாமலா போகும்?"

"அதுல என் கையெழுத்து இருக்கே மாமி... தப்பில்லையா?" என்றார் அப்பா, பலவீனமாக.

"எனக்கு மௌன விரதம்னு சொன்னேளாமே, உங்க பையன் சொன்னான். அந்தக் கத்தரிக்காய்க்காரி சிரிக்கறா. அது எதுல சேர்த்தி?"

அம்மா என் தோளை விட்டாள். மூன்று வருடமாக எல்லாம் தெரிந்தே மாமி பொங்கல் அனுப்பியிருக்கிறார் என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. அழுகையும் சிரிப்புமாக, "நான் உங்களை வாசல்ல நிறுத்தினது இதுக்குத்தான் மாமி. உங்களுக்குத் தெரிஞ்சா என்னைவிட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்று சொல்லியேவிட்டாள்.

"போடி அசடே!" என்றார் மாமி.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நர்ஸ் அத்தை இப்போது அம்மாவின் பக்கம் திரும்பி, "ஆறாவது குறிப்புக்கும் நாங்கள் விடாமல் வேண்டிக்கொள்கிறோம்" என்றார்.

"ஐந்துதான். நான் எப்போதும் ஐந்துதான் எழுதுவேன்" என்றார் அப்பா.

நர்ஸ் அத்தை பைபிளுக்குள்ளிருந்து மடித்த கடிதத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்தார். படித்துக்கொண்டே நின்றார். "என்னடி போட்டிருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் அப்பா கையிலிருந்து வாங்கிப் படித்துத் தமிழில் சொன்னேன்.

'ஆறு: ஊழியரின் மனைவி. குழு வந்திருக்கும் நாள்களில் இவள் அடுப்பங்கரைத் தரையில் படுக்கிறாள். அதுவும் மூன்று மணி நேரம்தான். துறையூரில் நடந்த தங்கையின் கல்யாணத்துக்கு இவள் போகவில்லை, அப்போதும் ஒரு குழு வந்திருந்தது. தங்கைக்குக் குழந்தை பிறந்து பத்து மாதம் ஆகிறது. இன்னும் பார்க்கவில்லை. இவள் யாரிடமும் கேட்க மாட்டாள். ஆகவே நீங்கள் கேளுங்கள்.'

எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மேஜைக்கு அடியில் நான், மேலே அப்பா என்று எத்தனை முறை சிரித்திருப்போம்! அம்மா எங்கே படுக்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டோமா? சைக்கிள் டயருக்குக் கடல் தாண்டி ஜெபம் கேட்ட அப்பாவுக்கு அம்மாவைப் பற்றி எழுத ஒரு வரி தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை, தோழிகளே. நல்லவர்தான். வீட்டுக்குள் இருந்தது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் படவில்லை.

"கொல்லையில நான் சொன்னதை எல்லாம் எழுதிட்டீங்களா மாமி? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள் அம்மா.

"கேட்டா விட்டிருப்பியோ?"

அப்பா மாமா வீட்டுத் தரையைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல், "நாளைக்குக் காலையில துறையூர் பஸ்ஸுக்கு இவ கூட யாரு போறது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் இருக்கும்.

"நான் போறேன்" என்றார் மாமி. "துவாதசி பாரணையை முடிச்சுண்டு கிளம்பலாம். துறையூர்ல பெருமாள் மலை இருக்கு. ஏறணும் ஏறணும்னு இருக்கேன். இந்த உறை எவ்வளவு தூரம் தாங்கறதுன்னு பார்த்துடறேன்."

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டு. வழியில் டோல்கேட்டிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதற்கு, சத்திரத்தில் ஏறினால்தான் ஜன்னல் சீட்டு கிடைக்கும் என்று மாமி ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் மாமி, முன் சீட்டில் நானும் தம்பியும். வெளியே அப்பாவும் மாமாவும் நின்றார்கள். அம்மா கம்பி வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள், சாம்பாரில் மிளகாய் கிள்ளிப் போடாதீர்கள், தலைவருக்கு மோர் ஒத்துக்கொள்ளாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மாமாவிடம் திரும்பி, "உங்களுக்குச் சமைக்கத் தெரியுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும் ஓய்" என்றார் மாமா.

பஸ் புறப்பட்டது. காவிரிப் பாலம் ஏறும்போது அம்மா, தங்கை குழந்தைக்கு எடுத்த கவுன் சின்னதாக இருக்குமோ என்று மாமியிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மாமி ஏதோ பதில் சொன்னார். கொள்ளிடப் பாலத்துக்கு வருவதற்குள் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா மாமியின் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப் போயிருந்தாள். அம்மா தூங்கி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. நான் எழுவதற்கு முன்பே எழுந்திருப்பாள், நான் படுக்கும்போது வேலை செய்துகொண்டிருப்பாள்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாங்களே, ஊர் வந்தா எழுப்பணுமா?" என்று கண்டக்டர் உரக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். மாமி உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது, பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. மாமி ஒரு கையால் வலது முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார், ஒருமுறை பல்லைக்கூடக் கடித்துக்கொண்டார். துறையூர் வரும் வரை தோளை மட்டும் அசைக்கவில்லை.